நனையாத நூல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது, அதற்குப் பிறகு உன் குரலையே நான் கேட்கவில்லை. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிய பிறகு முதல்முறையாகத் தாளும் பேனாவும் எடுத்திருக்கிறேன். கட்டைவிரலைத் தபாலில் அனுப்ப முடியாதல்லவா, பார்க்கிறேன்.

ஒரு செய்தி. எனக்கு மூன்றாம் மாதம். பத்து வருஷம் கழித்து இப்படி ஒரு வேலை செய்வேன் என்று நானே நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகத் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். நேற்று வேலைக்குப் போன இடத்தில் யாரோ ஒரு கிழவரை உள்ளே வைத்துக்கொண்டே லிஃப்டைப் பழுது பார்க்கத் தொடங்கிவிட்டாராம். என் பத்து வயசு வாலு மட்டும் கண்டிஷன் போட்டிருக்கிறாள். "தம்பியோ தங்கச்சியோ, எது வேணா வரட்டும். என் ரூம்ல படுக்கக் கூடாது."

தையல் கூடத்தில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சூப்பர்வைசர் என்னைக் காஜா எடுக்க உட்கார வைத்துவிடுவார். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். சந்தோஷப்படுவாயா, தெரியவில்லை. படுவாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு வரியாவது எழுது.

உன் தங்கை


ஜனவரி 15

என் சின்னவளுக்கு,

நான் நலம். நீ நம்பும்படியாக இன்னும் இரண்டு முறை எழுத வேண்டுமென்றாலும் தயார்.

உன் கடிதத்தை வேலை செய்யும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு அங்கிருந்த ஏணியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்படுவாயா என்று கேட்டிருக்கிறாய். அடி அசடே, அதைக்கூடக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வாலுவிடம் சொல், புதிதாக வரும் ஆளுக்கு என் வீட்டில் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கிறது.

வேலையில் சின்ன மாற்றம். தேயிலை சுவை பார்க்கும் மேஜையில் இப்போது நான் நிற்பதில்லை. வருகிற மாதிரிகளை டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டி அடுக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிறேன். காலையிலிருந்து கிண்ணம் கிண்ணமாக உறிஞ்சித் துப்பி எத்தனை வருஷம்தான் ஓட்டுவது. இங்கே நிம்மதியாக உட்கார நாற்காலி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது.

போன் எடுக்காததற்குத் திட்டாதே. தொண்டை கொஞ்சம் சரியில்லை. கடிதமே நன்றாகத்தான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. மெஷினை ஓயாமல் மிதிக்காதே. பாரம் தூக்காதே.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக எழுத வேண்டாம் என்றிருந்தேன். மனசு கேட்கவில்லை.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் நீ இல்லை. நாற்காலி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. நம் வீட்டில் உன் நாக்கைப் பற்றித்தானே எல்லோருக்கும் பெருமை? தண்ணீரை வாயில் வைத்தாலே எந்தக் குழாய்த் தண்ணீர் என்று சொல்வாய் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். அந்த வேலையை விட்டுவிட்டு லேபிள் ஒட்டுவது உனக்குச் சின்ன மாற்றமா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இனியும் அடக்கி வைக்க முடியாது. அப்பா கிடந்த கூடத்தில் நீ தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கால் மணிக்கு ஒரு தடவை ஒரு வாய் குடித்தாய். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பெரியவ மனசு கல்லுப்பா"ன்னு சித்தப்பா சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அது போகட்டும். ஆனால் நான் பக்கத்தில் அழுது புரண்டபோது நீ என் முதுகைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தாய். உனக்கு அப்பா மேல் என்ன கோபம்? இல்லை, என் மேலா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. தையல் கூடத்துப் பஞ்சுத் தூசி என்று நினைக்கிறேன். ஒரு வேடிக்கை கேள். ஊசியில் நூல் கோக்க நுனியை வாயில் வைத்தால் நனையவே மாட்டேன் என்கிறது. பக்கத்து மெஷின்காரி டம்ளரில் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள். "மாசமா இருந்தா எல்லாம் தலைகீழாத்தான் இருக்கும்"கிறாள்.

உன் தங்கை


பிப்ரவரி 12

சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. கோபப்படாமல் இதற்கு மட்டும் பதில் எழுது.

கண் உறுத்தல் எத்தனை நாளாக இருக்கிறது? மாசமாவதற்கு முன்பே இருந்ததா? பிஸ்கட் மாதிரி காய்ந்த பண்டம் எதையாவது தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா? காலையில் விரல் மூட்டு மடக்க வலிக்கிறதா? காதுக்குக் கீழே வீக்கம் வந்து போயிருக்கிறதா? பல் புதிதாகச் சொத்தை விழுந்திருக்கிறதா?

உன் டாக்டரிடம் கண், வாய் இரண்டையும் சேர்த்துச் சொல். மறக்காதே.

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேல் எப்போதும் இல்லை.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாகத்தான் இருக்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நலமில்லாதவள் இப்படிக் குறுக்கு விசாரணை செய்ய மாட்டாள்.

நான் மனசைத் திறந்து கேட்டேன். நீ என் எச்சிலைப் பற்றிக் கேட்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்பது மட்டும் தெரிகிறது, பூசணிக்காய் எது என்றுதான் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: கண் ஒரு வருஷமாகவே உறுத்துகிறது. பிஸ்கட் தொண்டையில் நிற்கிறது. விரல் காலையில் கொஞ்ச நேரம் மரக்கட்டை. பல் இரண்டு போய்விட்டது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இந்த நேரத்துல சகஜம்மா, நல்லாத் தண்ணி குடிங்க"ன்னு அனுப்பிவிட்டார். போதுமா?

இனி நீயாக ஏதாவது சொல்லும்வரை நான் எழுதப் போவதில்லை. வயிற்றில் இருப்பது நன்றாக இருக்கிறது. நாலு மாதம் முடிகிறது.

உன் தங்கை


மார்ச் 5

என் சின்னவளுக்கு,

இதை உட்கார்ந்து படி. அவரும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

எனக்கு ஷோகிரன் என்று ஒரு நோய். பெயர் வாயில் நுழையாது, அதற்காகப் பயப்பட வேண்டாம். நம் உடம்புக்குள் காவலுக்கு இருக்கும் அணுக்கள் வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்துச் சாத்த ஆரம்பித்துவிடும். இதில் அடி வாங்குவது கண்ணீர் சுரப்பியும் உமிழ்நீர் சுரப்பியும். இரண்டு வருஷத்துக்கு முன் கீழுதட்டின் உள்பக்கம் கீறிக் கடுகளவு சுரப்பிகளை எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்தார்கள். உயிருக்கு உடனே ஆபத்து இல்லை. மாத்திரை இருக்கிறது, கண்ணுக்குச் சொட்டு மருந்து இருக்கிறது.

மேஜையிலிருந்து என்னை யாரும் விரட்டவில்லை. வாயில் ஈரம் இல்லாவிட்டால் சுவை நாக்கில் ஏறாது. ஒருநாள் புகை வாடை அடித்த ஒரு மாதிரியை நான் நல்லது என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்றவன் என்னைப் பார்த்தான். மறுநாள் நானே போய் வேறு இடம் கேட்டேன். போனில் நாலு வார்த்தை பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நீ அதைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய், அதனால்தான் எடுக்கவில்லை.

அப்பா கிடந்த கூடத்தில் நான் அழுதேன், சின்னவளே. தண்ணீர்தான் வரவில்லை. அழும்போது கண் எரியும், அவ்வளவுதான். சுவரைப் பார்த்தது எரிகிற கண்ணை மறைக்கத்தான். சொட்டு மருந்து பையிலேயே இருந்தது. எல்லார் நடுவிலும் அதை எடுத்து விட்டுக்கொண்டால், கண்ணீர் வரவழைக்க மருந்து ஊற்றுகிறாள் என்பார்களே என்று பயந்தேன். உன்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது எழுதுவது உனக்காக. இது குடும்பத்தில் ஓடக்கூடியது. நீ எழுதிய எல்லாம் எனக்கும் முதலில் வந்தவை. இந்த நோயில் அந்தக் காவல் அணுக்கள் உண்டாக்கும் ஒருவகை ஆன்ட்டிபாடி ரத்தத்தில் இருக்கும். அது தாயிடமிருந்து குழந்தைக்குப் போய், நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். கெடுத்தால் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள்தான் பெரும்பாலும் தொடங்கும். நீ அந்தக் காலத்துக்குள் வந்துவிட்டாய். என் டாக்டரின் குறிப்பு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், அதை உன் டாக்டரம்மாவிடம் நாளைக்கே காட்டு. சகஜம் என்று சொன்னால் எழுந்து வராதே. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்.

எதனால் வருகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

அக்கா


மார்ச் 24

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். எழுதுவது உங்கள் தங்கையின் வீட்டுக்காரன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன ரத்தப் பரிசோதனை செய்தோம். அந்த ஆன்ட்டிபாடி இவளுக்கும் இருக்கிறது. வாராவாரம் வயிற்றில் ஸ்கேன் வைத்துக் குழந்தையின் துடிப்பைப் பார்க்கிறார்கள். இதுவரை சரியாக இருக்கிறது. இருபத்தாறாவது வாரம் தாண்டினால் பெரிய பயம் இல்லை என்கிறார்கள். மாத்திரையும் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் எழுதியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

ஆனால் வேறொரு சங்கடம். புது டாக்டர் விசாரிக்கும்போது, "உங்க அக்காவுக்கு இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா? கழுத்துல நெறி கட்டி, வாரக்கணக்குல?" என்று கேட்டார். இவள் ஆமாம் என்றாள். "சிலருக்கு ஒரு வைரஸ்தான் இதைத் தூண்டி விடுதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க"ன்னு அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். இவள் மனசு அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வாலு பக்கத்தில் வந்தால் தலையைத் தடவுகிறாள், கையை எடுத்துக்கொள்கிறாள். ராத்திரி நான் கேட்டதற்கு, "அக்காவுக்கு அந்தக் காய்ச்சலக் குடுத்தது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் சொன்னாள். எனக்குத் தெரியும், அக்கா. உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 12

அக்கா,

அவர் உனக்கு எழுதினது எனக்குத் தெரியும். அஞ்சல் தலை வாங்கப் போய் மூன்று கடை ஏறி இறங்கிய ஆள் ரகசியம் காக்கத் தெரிந்தவர் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தபோது, ஏழு வயசுப் பிள்ளையைக் காய்ச்சலோடு கொண்டுவந்து உன் வீட்டில் விட்டேன். அவர் அப்போது வெளியூரில் பயிற்சிக்குப் போயிருந்தார். நீ ரெண்டு வாரம் லீவு போட்டு அவளைப் பார்த்துக்கொண்டாய். அவள் பாதி குடித்துவிட்டு வைத்த கஞ்சியை வீணாக்காமல் நீ குடித்ததை நானே பார்த்தேன். அடுத்த மாதம் உனக்குக் கழுத்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. அது எச்சிலில் பரவும் வைரஸாம். எச்சிலில் வந்தது உன் எச்சிலையே கொண்டுபோய்விட்டது. உன் வேலையைக் கொண்டுபோனது. அப்பாவுக்காக நீ விட வேண்டிய கண்ணீரையும் கொண்டுபோனது.

எதனால் என்று யாருக்கும் தெரியாது என்று எழுதினாய். உனக்குத் தெரியும். தெரிந்தும், ஊரே உன்னைக் கல் என்று சொன்னபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நானும் சேர்ந்து உன்னைக் கல் என்று நினைத்தேனே, அதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? எனக்காகத்தான் மறைத்தாய் என்று புரிகிறது. ஆனாலும் கோபமாக வருகிறது. இதைத் தாங்க மாட்டாள் என்று என்னைப் பற்றி நீயாகவே எப்படி முடிவு செய்தாய்?

ஸ்கேன் நேற்றும் சரியாக இருந்தது. இன்னும் ஒரு மாதம் போக வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 17

என் சின்னவளுக்கு,

திட்டியதற்கு நன்றி. கூடத்தில் எல்லோரும் முணுமுணுத்ததற்கு நீ நேராகத் திட்டியது எவ்வளவோ தேவலை.

ஆமாம், எனக்குத் தெரியும். என் டாக்டர் முதல்நாளே அந்தக் காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். நீ இணையத்தில் தேடிப் பார்ப்பாய், ரெண்டும் ரெண்டும் நாலு என்று கூட்டுவாய் என்றுதான் நோயையே மறைத்தேன். நீ கூட்டிவிட்டாய். ஆனால் விடை நாலு இல்லை, கேள்.

நானும் விடாமல் டாக்டரை நச்சரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்த வைரஸ் உலகத்தில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்களின் உடம்பில் இருக்கிறது. உன் உடம்பில் இருக்கும், சூப்பர்வைசர் உடம்பில் இருக்கும். பலருக்குச் சின்ன வயசில் மூக்குச்சளி மாதிரி வந்துபோய்விடும், வந்ததே தெரியாது. எனக்குத்தான் எப்படியோ தப்பி, வயசான பிறகு வந்தது. வந்தது சாகாமல் உமிழ்நீர் சுரப்பியிலேயே ஒரு மூலையில் பதுங்கிக்கொள்ளும். அதைப் பிடிக்கப் போன காவல்காரன்தான் சுரப்பியையும் சேர்த்து அடிக்கிறான் என்று ஒரு சந்தேகம். சந்தேகம்தான். வேறு சில வைரஸ்களையும் சொல்கிறார்கள். "கேஸ் நடக்குது, தீர்ப்பு வரல"ன்னார் டாக்டர்.

அத்தனை பேருக்கும் அந்த வைரஸ் இருந்தும் அத்தனை பேருக்கும் இந்த நோய் வரவில்லையே? வருகிறவர்களுக்கு ரத்தத்தில் முன்கூட்டியே ஏதோ இருக்கிறது. அது நமக்கு நம் வீட்டில் கிடைத்தது. உனக்குக் கழுத்து வீங்கவில்லை, காய்ச்சலும் வந்ததாக ஞாபகம் இல்லை, ஆனாலும் உன் ரத்தத்திலும் இருக்கிறது. அப்படியென்றால் உனக்கு யார் கொடுத்தது? வாலு எனக்குக் கொடுத்தது ஒரு காய்ச்சல். அது இல்லாவிட்டால் வேறு யாருடைய எச்சில் டம்ளராவது கொடுத்திருக்கும்.

அவள் தலையில் வைத்த கையை எடுக்காதே. அவள் காரணம் கேட்க மாட்டாள், தன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். நீ என்னை அப்படித்தானே நினைத்தாய்.

நீ தாங்க மாட்டாய் என்று நானாக முடிவு செய்தது தப்பு.

மாத்திரை தவறாமல் சாப்பிடு. ஸ்கேன் அன்றே எனக்கு ஒரு வரி எழுது. கட்டைவிரல் அனுப்பினாலும் போதும்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்தாறு வாரம் தாண்டி இருபத்தொன்பதில் இருக்கிறேன். ஸ்கேன் பார்க்கிற அம்மா பேசுகிற ஆளே இல்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு ஜெல்லைத் தடவுவார். போன வாரம் மட்டும் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, "குதிர ஓடற மாதிரி ஓடுது, கேளுங்க"ன்னார். வாலுவின் அப்பா கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சினார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கண் எரிந்தது. அந்த எரிச்சல் என்னவென்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, அக்கா.

சூப்பர்வைசர் என்னைக் காஜா எடுக்க உட்கார வைக்கவில்லை. ஆச்சரியம்தான். மேஜையில் ஒரு தண்ணீர் ஜக் வைத்திருக்கிறார். எல்லோரும் அதில் குடிக்கிறார்கள், எனக்கு மிஞ்சுவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். நேற்று வாலு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "பெரியம்மாவுக்கு ஏம்மா வாய் காயுது? எப்பருந்து?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "சும்மா, வயசாச்சுல்ல"ன்னு சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு வயசு உனக்கு. மன்னித்துக்கொள்.

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். உன்னை எத்தனை திட்டு திட்டினேன், எப்படி நீயாக முடிவு செய்தாய் என்று. என் பிள்ளை கேட்டதும் நானும் ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை. இனி நான் உன்னைக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரியவே வேண்டாம், அக்கா. நம்மோடு போகட்டும்.

உன் தங்கை


ஜூன் 6

என் சின்னவளுக்கு,

வயசாகிவிட்ட அக்கா எழுதுகிறேன். நலம். இந்த முறை உண்மையாகவே. குதிரை ஓடுகிறது என்ற வரியைப் படித்துவிட்டு அறையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பாதியில் குரல் நின்றுபோய், கையைக் காட்டித்தான் முடித்தேன்.

வாலு விஷயத்தில் நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுக்குப் பத்து வயசு. எப்பருந்து என்று கேட்டாள் பார், அந்தக் கேள்வியிலேயே அவள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். நாம் சொல்லாவிட்டால் இருபது வயசிலோ முப்பதிலோ எங்காவது ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்து மீதியைக் கூட்டுவாள். அப்போது விடை தப்பு என்று சொல்ல நீயும் நானும் பக்கத்தில் இருக்க மாட்டோம். நான் மறைத்ததில் உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். நடந்தது என்ன? நீ என் மேல் கோபத்தைச் சுமந்தாய், நான் உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். உன் கண் உறுத்தியபோது ஒரு வருஷம் வீணாகப் போனது. போதும்.

சனிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன். அவரை எங்காவது லிஃப்ட் பார்க்க அனுப்பிவிடு, அவர் இருந்தால் முதலில் அவர்தான் அழுவார். நாம் மூன்று பேரும் உட்காருவோம். காய்ச்சலோடு அவள் என் மடியில் கிடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். இன்னொரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மடி அங்கேயேதான் இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்கு வாய் காய்ந்துவிடும், பேச்சு வராது. அவள் பயந்துபோய் உன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதே. மீதியை நீ சொல்.

அக்கா